தகுதியுள்ள குழந்தை: அமெரிக்காவில் அரசுச் செலவு ஃப்ளூ தடுப்பூசியின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் நம் மேடையில் நிலம், கல்வி, வன்கொடுமை, இலக்கியம் என்று ஒன்றை எடுத்துப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு ஓர் ஊசியைப் பற்றிப் பேசப் போகிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் காசில்லாத வீட்டுக் குழந்தைகளுக்கு அரசுச் செலவில் ஃப்ளூ தடுப்பூசி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே பொருள். இது நமக்கு எதற்கு என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். அதற்கான பதில் 1918ஆம் ஆண்டின் பம்பாயில் இருக்கிறது.

அந்த ஆண்டு வந்த இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பம்பாய் நகரத்துச் சாவுகளைச் சாதி, மதவாரியாகக் கணக்கிட்டார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர் இறந்தார்கள். சாதி இந்துக்களில் 18.9 பேர். ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று அந்தக் கணக்கு குறித்துவைத்த நம் மக்களில் 61.6 பேர். ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே கிருமி. ஐரோப்பியருக்கும் நமக்கும் இடையே ஏழு மடங்கு வேறுபாடு. கிருமிக்குச் சாதி தெரியாது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது சரிதான், கிருமிக்குத் தெரியாது. காற்றுப் புகாத அறையில் எத்தனை பேர் படுத்துக்கிடக்கிறார்கள், காய்ச்சலோடு வேலைக்குப் போக வேண்டியிருப்பவர் யார், பால் வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதையெல்லாம் ஊர் தீர்மானிக்கிறது.

அதே நவம்பரில், உலகின் மறுகோடியில், அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் இனுபியாட் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். பெரியவர்கள் 80 பேர். ஐந்தே நாளில் 72 பேர் இறந்தார்கள். உறைந்த மண்ணில் ஒரே குழியில் புதைத்தார்கள். 1951இலும், மறுபடி 1997இலும் யோஹன் ஹல்டின் என்ற மருத்துவர் அந்தக் குழியைத் தோண்டினார். இரண்டாம் முறை ஊர்ச் சபையிடம் அனுமதி பெற்றுத் தோண்டியபோது கிடைத்த ஒரு பெண்ணின் நுரையீரலிலிருந்து 1918ஆம் ஆண்டுக் கிருமியின் மரபணு மீட்கப்பட்டது. 2005இல் அந்தக் கிருமியின் முழு வரைபடமும் உலகத்தின் கைக்கு வந்தது. இன்று ஃப்ளூவைப் பற்றி விஞ்ஞானம் அறிந்தவற்றில் ஒரு பெரிய பகுதி, எந்த மருத்துவரும் எட்டிப்பார்க்காத ஒரு பழங்குடிப் பெண்ணின் உடலிலிருந்து வந்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். தகுதி என்ற சொல்லுக்கு வரும்போது தேவைப்படும்.

ஃப்ளூவுக்குத் தடுப்பூசி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிறந்தது. 1918இல் படைமுகாம்களில் நடந்ததை அமெரிக்க ராணுவம் மறக்கவில்லை. தாமஸ் ஃபிரான்சிஸ், ஜோனாஸ் சால்க் ஆகியோர் உருவாக்கிய ஊசி 1945இல் முதலில் சிப்பாய்களுக்குப் போடப்பட்டு, பிறகே பொதுமக்களுக்கு வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அது முதியோருக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்குமான ஊசியாகவே இருந்தது. நலமாக இருக்கும் குழந்தைக்கு அதைப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மற்றத் தடுப்பூசிகளின் கதை வேறு. 1962இல் கென்னடி காலத்தில் தடுப்பூசி உதவிச் சட்டம் ஒன்று வந்தது. மத்திய அரசு மாநிலங்களுக்கு மானியம் தரும், மாநிலங்கள் பொது மருத்துவ நிலையங்களில் ஊசி போடும். மானியம் என்பதால் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் மனநிலையைப் பொறுத்து ஏறும், இறங்கும். கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் அந்த நிலையங்களும் போதுமான அளவில் இல்லை. 1970இல் கரும்சிறுத்தைகள் கட்சி தன் கிளைகள் ஒவ்வொன்றும் இலவச மக்கள் மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று முடிவெடுத்தது இந்தப் பின்னணியில்தான். நம் தோழர்களில் பலர் கரும்சிறுத்தைகளைத் துப்பாக்கியோடு நிற்கும் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறோம். ரத்த அழுத்தம் பார்த்தவர்களாக, அரிவாள் செல் சோகைக்கு வீடுவீடாகச் சோதனை செய்தவர்களாக, பள்ளிக் குழந்தைக்குக் காலை உணவு கொடுத்தவர்களாகப் பார்த்ததில்லை.

1972 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அந்த ஆண்டுதான் கரும்சிறுத்தைகள் தங்கள் பத்து அம்சத் திட்டத்தைத் திருத்தி, ஒடுக்கப்பட்ட அனைவருக்கும் முற்றிலும் இலவச மருத்துவம் என்ற கோரிக்கையைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டுதான் பம்பாயில் அவர்கள் பெயரை ஏற்று தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில்தான் டஸ்கிகீ செய்தி வெளியே வந்தது. 1932 முதல் நாற்பது ஆண்டுகள், அலபாமாவில் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும், மருந்து கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை வேடிக்கை பார்த்தது. பிற்காலத்தில் அந்த ஆய்வை நடத்தியது நோய்க் கட்டுப்பாட்டு மையம். இன்று ஏழைக் குழந்தைகளுக்கு இலவசத் தடுப்பூசி அனுப்புவதும் அதே மையம். ஒரு கறுப்பினத் தாய் ஊசியைக் கண்டு தயங்கினால் அதை அறியாமை என்று எழுதுபவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி நம் கதையின் மையத்துக்கு வருவோம். 1989 முதல் 1991 வரை அமெரிக்காவில் தட்டம்மை பரவியது. அந்த நோய்க்கு 1963 முதலே தடுப்பூசி இருந்தது. இருந்தும் 55,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது, நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். பெருநகரங்களின் கறுப்பின, லத்தீன் வழிக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு வெள்ளைக் குழந்தைகளைப் போலப் பல மடங்கு நோய் வந்தது. வழக்கம்போல முதலில் பெற்றோரைத்தான் குறை சொன்னார்கள். பொறுப்பில்லாதவர்கள், பிள்ளையை டாக்டரிடம் காட்டாதவர்கள் என்றார்கள்.

விசாரித்தபோது வேறொன்று தெரிந்தது. ஊசி போடாத அந்தக் குழந்தைகளில் பலர் டாக்டரிடம் போயிருந்தார்கள். சளிக்கோ காதுவலிக்கோ தாய் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். டாக்டர் பார்த்தார், மருந்து எழுதினார். தடுப்பூசிக்கு மட்டும், “காப்பீடு இல்லையா? அரசு நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார். டாக்டரின் கணக்கில் அதில் தவறில்லை. ஊசியின் விலையை அவர் தன் கையிலிருந்து போட வேண்டும், திரும்பி வராது. அரசு நிலையமோ வேறு பகுதியில், வேறு நாளில், நீண்ட வரிசையோடு. தாய்க்கு இன்னொரு நாள் கூலி போகும். இங்கே வேண்டாம், அங்கே போ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பிள்ளைகள் இறந்தார்கள். கதவைச் சாத்தியவர் எவரும் இல்லை. பக்கத்துக் கதவைக் காட்டினார்கள், அவ்வளவுதான். இந்த மரியாதையான விலக்கம் நமக்குப் புதிதல்ல.

1993 பிப்ரவரியில், பதவியேற்ற சில வாரங்களில், அதிபர் கிளிண்டன் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஒரு பொது மருத்துவ நிலையத்தில் நின்று தடுப்பூசி விலையைக் கண்டித்துப் பேசினார். முதலில் முன்வைத்த திட்டம் பெரியது: நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்குமான ஊசியையும் அரசே வாங்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பது. மருந்து நிறுவனங்கள் எதிர்த்தன. பணக்காரன் பிள்ளைக்கும் இலவசமா என்ற கேள்வி எழுந்தது. நம் ஊரில் இலவசம் பற்றி எழும் அதே குரல்தான். பேரத்தின் முடிவில் ‘எல்லோருக்கும்’ போய், ‘தகுதியுள்ள குழந்தைக்கு’ என்று ஆனது. 1993 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி ‘குழந்தைகளுக்கான தடுப்பூசிகள்’ திட்டம் 1994 அக்டோபர் 1 அன்று தொடங்கியது.

தகுதி யாருக்கு? 19 வயது நிரம்பாதவர்களில் நான்கு வகை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்துக்கு உரியவர்கள். காப்பீடே இல்லாதவர்கள். காப்பீடு இருந்தும் அது தடுப்பூசிக்குப் பணம் தராதவர்கள், ஆனால் இவர்கள் குறிப்பிட்ட சில சுகாதார நிலையங்களுக்கே போக வேண்டும். நான்காவதாக, அமெரிக்க இந்தியர் மற்றும் அலாஸ்காப் பழங்குடிக் குழந்தைகள். இவர்களுக்கு வருமானமோ காப்பீடோ பொருட்டல்ல, பழங்குடியாக இருப்பதே போதும். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுதிய உடன்படிக்கைகளில் மருத்துவம் தருவோம் என்று ஒப்புக்கொண்ட கடமையின் மிச்சம் அது. பிரெவிக் மிஷன் குழியில் கிடப்பவர்களின் வழிவந்த குழந்தைக்குச் சட்டம் ஏழையா என்று கேட்பதில்லை. பொருளாதார அளவுகோலைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கும் நம் நாட்டு வாதக்காரர்கள் இந்த நான்காவது வகையைப் படிப்பது நல்லது.

இன்னும் இரண்டு விதிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, தகுதிக்குச் சான்றிதழ் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பெற்றோர் வாயால் சொன்னால் போதும், டாக்டர் குறித்துக்கொள்வார். சாதிச் சான்றிதழுக்கு எத்தனை நாள் எத்தனை அலுவலகத்தில் நின்றிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். இரண்டு, ஊசி போடும் கூலியாக டாக்டர் ஒரு தொகை கேட்கலாம், ஆனால் அதைக் கொடுக்க முடியாத தாயைத் திருப்பி அனுப்பக் கூடாது. 1989இன் அந்த ஒரு சொல்லைச் சட்டம் இங்கேதான் பிடித்தது. இனி ஊசி குழந்தை போகும் அதே டாக்டரின் குளிர்பெட்டிக்கு வரும்.

அந்தக் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்போம். உள்ளே இரண்டு தட்டுகள். ஒன்றில் டாக்டர் காசு கொடுத்து வாங்கிய ஊசி, காப்பீடுள்ள குழந்தைக்கு. மற்றொன்றில் அரசு அனுப்பிய ஊசி, தகுதியுள்ள குழந்தைக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது. தனித்தனி அடையாளம் ஒட்ட வேண்டும், தனித்தனிக் கணக்கு எழுத வேண்டும். இதை முதலில் படித்தபோது நம் மனதில் எது வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை.

ஆனால் அவசரப்பட்டு ஒப்பிடக் கூடாது. இரட்டைக் குவளை மனிதரைப் பிரிப்பதற்காக வைக்கப்பட்டது. இங்கே அடையாளம் குப்பிக்கு, குழந்தைக்கு அல்ல. இரண்டு தட்டிலும் உள்ள மருந்து ஒன்றே. ஒரே அறை, ஒரே செவிலியர், வெளியே வரும் குழந்தையைப் பார்த்து எந்தத் தட்டு என்று யாரும் சொல்ல முடியாது. அரசு ஊசியை டாக்டர் காப்பீட்டுக் குழந்தைக்குப் போட்டுக் காசாக்கிவிடாமல் காக்கிற ஏற்பாடும் அதுவே. பொதுச் சொத்தை இவ்வளவு கண்டிப்பாகக் காக்கும் விதியை நாம் குறை சொல்ல முடியாது.

சிக்கல் ஃப்ளூவில் வந்தது. தட்டம்மை ஊசி ஆண்டு முழுவதும் கிடைக்கும், இன்று இல்லையென்றால் அடுத்த வாரம். ஃப்ளூ ஊசி அப்படியில்லை. கிருமி ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியும் மாற வேண்டும். பிப்ரவரியில் உலகச் சுகாதார நிறுவனம் வட அரைக்கோளத்துக்கான கிருமி வகைகளைப் பரிந்துரைக்கும். பெரும்பகுதி கோழி முட்டையில் வளர்த்து, ஆகஸ்ட் முதல் தவணை தவணையாக வெளியே வரும். குளிர்காலக் கூட்டத்துக்கு முன் போட்டுவிட வேண்டும். எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதல் ஆண்டில் நான்கு வாரம் இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். ஆகவே முதல் தவணை யாருக்கு என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறக்கிறது. டாக்டர் சொந்தமாக வாங்கிய ஊசி செப்டம்பரில் வந்துவிடும். அரசு ஊசி சில வாரம் பிந்தலாம். அப்போது ஒரே நாளில் வரும் இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு ஊசி, மற்றொன்றுக்கு “அடுத்த மாதம் வாருங்கள்”. குப்பியில் இருந்த அடையாளம் அந்த நிமிடத்தில் குழந்தை மீது வந்து ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கொண்டுவந்த விதிவிலக்கு ஒன்று உண்டு. ஃப்ளூ ஊசிக்கு மட்டும், அரசுத் தட்டு காலியாக இருந்தால் டாக்டர் தன் சொந்தத் தட்டிலிருந்து எடுத்துத் தகுதியுள்ள குழந்தைக்குப் போடலாம். அரசு ஊசி வந்ததும் அதைத் தன் தட்டில் ஈடுகட்டிக்கொள்ளலாம். இந்தக் கடன் ஒரு திசையில் மட்டுமே செல்லும். பொருள் மிகச் சிறியது, ஒரு படிவத்தில் இரண்டு வரி. இந்த வரலாறு முழுவதிலும் நமக்கு அதிகம் பிடித்த இடம் அதுதான். ஆனாலும் ‘போடலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘போட வேண்டும்’ என்று இல்லை. சிறிய மருத்துவமனை நடத்துபவருக்கு அந்த ஊசியெல்லாம் முன்பணம். ஈடு எப்போது வரும் என்று தெரியாமல் எடுத்துக் கொடுப்பவரும் உண்டு, கொடுக்காதவரும் உண்டு.

நலமான குழந்தைகள் ஃப்ளூ ஊசிக்குத் தகுதி பெற்றதும் படிப்படியாகத்தான். எந்த ஊசி இந்தத் திட்டத்தில் சேரும் என்பதைத் தடுப்பூசி நடைமுறைகளுக்கான ஆலோசனைக் குழு வாக்கெடுத்து முடிவு செய்கிறது. அது வாக்களித்தால் பணம் வந்தாக வேண்டும். 1962ஆம் ஆண்டு மானியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே: ஆண்டுதோறும் கையேந்தத் தேவையில்லை. 2003 அக்டோபரில் ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையான எல்லாக் குழந்தைகளுக்கும் அடுத்த ஆண்டிலிருந்து என்று வாக்களித்தார்கள். அந்தக் குளிர்காலமே மோசமாக வந்தது. 40 மாநிலங்களில் 153 குழந்தைகள் ஃப்ளூவால் இறந்ததாகப் பதிவானது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதற்கு முன் எந்த நோயும் இல்லை.

அந்த 153ஐ எண்ணியதே ஒரு திருப்பம். அதுவரை குழந்தைகளின் ஃப்ளூ சாவு நாடு முழுவதும் ஒவ்வொன்றாக எண்ணப்படவில்லை. 2004 முதல் ஒவ்வொரு சாவையும் அறிவித்தாக வேண்டும் என்றாக்கினார்கள். இந்தியாவில் இன்று மாநிலவாரியாக எச்1என்1 சாவுக் கணக்கு வருகிறது, சாதிவாரியாக வருவதில்லை. 1918இல் காலனி அரசு பம்பாயில் எடுத்த கணக்கைச் சுதந்திர அரசு எடுக்கவில்லை. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசியும் இல்லை, காசு உள்ளவர்கள் தனியாரிடம் போட்டுக்கொள்கிறார்கள். யார் குழந்தைக்கு அது அதிகம் தேவை என்று காட்ட நம்மிடம் எண் இல்லை.

அமெரிக்கக் கதைக்குத் திரும்புவோம். நலமான கைக்குழந்தைகளுக்குத் தகுதி வந்த முதல் இலையுதிர் காலத்தில், 2004 அக்டோபர் 5 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த சிரான் நிறுவனத்தின் தொழிற்சாலை உரிமம் நிறுத்தப்பட்டது. ஊசியில் பாக்டீரியா கலந்திருந்தது. அமெரிக்காவுக்கு அந்த ஆண்டு வரவேண்டியதில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் இல்லாமல் போனது. இரண்டே தொழிற்சாலைகளை நம்பியிருந்ததன் விலை அது. முன்னுரிமைப் பட்டியலில் கைக்குழந்தைகளை வைத்தது ஓர் ஆறுதல். 2006இல் ஐந்து வயதுக்குட்பட்டோர், 2008இல் 18 வயது வரை எல்லோரும் என்று வரம்பு விரிந்தது.

2009இல் எச்1என்1 வந்தபோது ஊசி முழுவதையும் அரசே வாங்கியது. தனியார் தட்டு என்பதே இல்லை. குழந்தைகளும் இளைஞர்களும் முன்னுரிமைக் குழுவில் இருந்தார்கள். அப்படியிருந்தும் நவம்பரில், நியூயார்க்கில் தாய்மார்கள் வரிசையில் நின்றிருந்தபோது, கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் உள் மருத்துவப் பிரிவுக்கு 200 ஊசிகளும் சிட்டிகுரூப்புக்கு 1,200 ஊசிகளும் போயிருந்தது தெரிந்தது. அபாய நிலையில் உள்ள ஊழியருக்கே என்று நிறுவனங்கள் விளக்கம் சொன்னன. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விதிப்படி விண்ணப்பிக்கத் தெரிந்தவர்களிடம் பொது ஊசி முதலில் போனது என்பது மாறவில்லை.

இந்தத் திட்டம் தோற்றதா? இல்லை. இன்று அமெரிக்கக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதன் ஊசி போகிறது. தட்டம்மை ஊசியில் இருந்த இன இடைவெளி பெருமளவு சுருங்கியது. ஃப்ளூவில்தான் கணக்கு நேராகவில்லை. 2009 முதல் 2019 வரையான பருவங்களைப் பார்த்த ஆய்வில், ஃப்ளூவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் லட்சத்துக்குக் கறுப்பினத்தவரில் சுமார் 69 பேர், வெள்ளையரில் சுமார் 38 பேர். சின்னக் குழந்தைகளின் மருத்துவமனைச் சாவில் இடைவெளி மூன்று மடங்கு அளவுக்கு இருந்தது. ஊசியின் விலையைச் சட்டம் கொடுத்துவிட்டது. இரண்டாவது ஊசிக்கு மறுபடி வரும் தாயின் ஒரு நாள் கூலியை அது கொடுக்கவில்லை. டஸ்கிகீக்கு 1997இல் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார், நாற்பது ஆண்டு அவநம்பிக்கை அதோடு போய்விடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அதே வாசலுக்கு வந்து நிற்கச் சொல்லும் ஊசி இது.

பெருந்தொற்றுக்கு முன் 2019-20இல் சுமார் 64 விழுக்காடு குழந்தைகளுக்குப் போடப்பட்ட ஃப்ளூ ஊசி, 2024-25இல் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கியது. அந்தப் பருவத்தில் குறைந்தது 280 குழந்தைகள் இறந்ததாகப் பதிவானது. ஊசி போடும் வயதில் இருந்து, போட்டார்களா இல்லையா என்று தெரியவந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முழுமையாகப் போட்டிருக்கவில்லை.

2025 ஜூன் 9 அன்று ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கள் 17 பேரையும் அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலர் நீக்கினார். புதிதாக அமர்த்தப்பட்டவர்கள் அதே மாத இறுதியில் கூடி, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி என்ற பரிந்துரையை அந்த ஆண்டுக்குத் தொடர்வதாக வாக்களித்தார்கள். எந்தக் குழுவின் வாக்கைக் கொண்டு 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைக் குழந்தையின் உரிமையைக் கட்டிவைத்ததோ, அந்தக் குழு இப்போது ஒரு செயலரின் கையெழுத்தில் மாறக்கூடியது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பருவத்துக்கு ஊசி தொடர்ந்தது. ஒரு குளிர்காலத்துக்கான முன்பதிவை மாநிலங்கள் வழக்கமாக அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே செய்தாக வேண்டும்.